ஒரே இடத்தில் இரண்டு குரல்

கோகிலவாணியின் புகார் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது அதைப் படித்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. "இரட்டைப் பெண்களில் பெரியவள் சொல்வது மட்டும் என் மனைவிக்கு நினைவில் நிற்பதில்லை. சின்னவள் சொல்வது நிற்கிறது. கருவியைச் சரிபார்த்துத் தரவும்" என்று அவள் கணவர் எழுதியிருந்தார். எந்தக் கருவியும் ஆள் பார்த்துப் பழுதாகாது. மாமியார் போட்டால் மட்டும் ஓடாத மிக்ஸி உலகத்தில் உண்டா?

மூன்று வருடங்களுக்கு முன் ஊர் ஊராகப் பரவிய காய்ச்சலை எல்லோரும் அறிவார்கள். அது சிலருக்கு மூளைவரை ஏறியது. அப்படிப் பிழைத்தவர்களுக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறும்வரையிலான வாழ்க்கை முழுதும் நினைவில் பத்திரமாக இருக்கும். அதற்குப் பிறகு நடப்பது எதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் தங்காது. அவர்களுக்காக நாங்கள் செய்ததுதான் நினைவுப்பெட்டி. புளியங்கொட்டை அளவு இருக்கும், காதுக்குப் பின்னால் எலும்பை ஒட்டிப் பதித்துவிடுவார்கள். கேட்பதையும் பார்ப்பதையும் அது சேமித்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மூளைக்கு எடுத்துக் கொடுக்கும். எதை எந்த இடத்தில் எழுதுவது என்று தீர்மானிக்கும் கணினி நிரலுக்கு ட்ரைவர் என்று பெயர். அதை எழுதியவள் நான். பெயர் அமிர்தவேணி. பதினோரு வருடமாக இந்த மாதிரி வேலைதான் பார்க்கிறேன், கோபக்காரி என்ற பெயரும் பதினோரு வருடமாக இருக்கிறது.

"லேப்ல எழுநூறு தடவை ஓட்டிப் பார்த்தாச்சு வேணி. ஒரு தடவைகூட தப்பு வரலை" என்றார் எங்கள் மேலாளர் ரகோத்தமன். "மனநல ஆலோசகர் அறிக்கை கொடுத்துட்டார். அந்தம்மாவுக்கு ஒரு குழந்தை மேல உள்ளூர ஈடுபாடு குறைச்சல், அதனால கவனம் பதியலைன்னு எழுதியிருக்கார். நீ போய் ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடு, புகாரை மூடிடலாம்."

சோமனூரில் அவர்கள் வீடு. பக்கத்திலேயே தறிக்குடோன். கோகிலவாணிக்கு முப்பத்தாறு வயது இருக்கும். அறிக்கையை மெதுவாக, விரலை ஓட்டிப் படித்தாள். சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்துப் பதில்களை எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் சண்டை போடவில்லை.

"படிச்சவிய எழுதியிருக்காங்க, சரியாத்தான் இருக்கும்" என்றாள். "பூரணி முந்தாநாள் சொன்னது எனக்கு வரி வரியா ஞாபகம் இருக்குதுங்க. சாயங்காலம் வந்ததும் சாருமதி என்ன சொன்னான்னு தேடுனா ஒண்ணுமே இருக்கறதில்லை. பத்து மாசம் ஒட்டுக்காச் சுமந்த புள்ளைங்க. நான் ஓரவஞ்சனை பண்றனாங்க மேடம்? எனக்கே தெரியாம?"

சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தாள். ஒரு தாய் தன்னைத்தானே குற்றவாளி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடப் போகிறாள், அதற்குக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். வெடுக்கென்று அறிக்கையைப் பிடுங்கிப் பையில் திணித்தேன்.

"மூணு வாரம் கொடுங்க. நான் பார்க்கிறேன்" என்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எல்லாம் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பீர்கள். பெட்டி எழுதும் ஒவ்வொரு எழுத்தையும் வேவு பார்க்க ஒரு நிரல் போட்டேன். லேபில் ஒன்றும் சிக்கவில்லை. சோமனூரில் அவள் பெட்டியிலேயே போட்டேன். போட்ட அன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது, சாருமதி சொன்ன 'ஒண்ணுமில்லம்மா'கூட நின்றது! வேவு நிரலை எடுத்தேன், மறுநாளே பழைய கதை. வேவு பார்க்கும் நிரல் ஒரு துளி நேரத்தை எடுத்துக்கொள்கிறது, அந்தத் துளி தாமதத்தில் தவறு ஒளிந்துகொள்கிறது. இந்த வகைத் தவறைக் கண்டால் எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு சாமியைக் கும்பிடுவார்கள்.

வீட்டிலும் இதே லட்சணம்தான். நான் போகும் நாளெல்லாம் பெண்கள் இருவரும் பள்ளியிலிருந்து வந்து, கைகால் கழுவி, அம்மா முன்னால் வரிசையாக நிற்பார்கள். முதலில் பூரணி சொல்வாள். அவள் முடித்ததும் சாருமதி "ஒண்ணுமில்லம்மா" என்பாள். ஒன்பது வயதுக் குழந்தைகள் இப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

"உங்க பொண்ணுங்க எப்பவுமே இவ்வளவு அடக்கமா?" என்று சென்னியப்பனிடம் கேட்டேன். கோகிலவாணியின் கணவர், நாலு தறிக்கு முதலாளியும் தொழிலாளியும் அவரே.

அவர் சிரித்துவிட்டார். "அட நீங்க வேற மேடம்! விருந்தாளி வந்திருக்காங்க, ஒவ்வொருத்தரா மருவாதியாப் பேசோணும்னு நாந்தான் மெரட்டி வெச்சிருக்கறேன். இல்லாட்டி ரெண்டும் ஒட்டுக்காக் கத்தி வீட்டை ரெண்டாக்கிப் போடுமுங்க."

எனக்கு நெற்றியில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. எங்கள் லேபிலும் அதே மரியாதைதான்! பச்சை விளக்கு எரிந்தால் ஒருவர் பேச வேண்டும், அது அணைந்து அடுத்த விளக்கு எரிந்தால் அடுத்தவர். எழுநூறு தடவையும் விருந்தாளிக்கு முன்னால் பேசுவதுபோலவே பேசிப் பார்த்திருக்கிறோம். விருந்தாளி இல்லாத வீட்டில் எவர் எவருக்காகக் காத்திருக்கிறார்கள்? கோயம்புத்தூரில் பிறந்து, ஆறு அத்தைகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கே இது தோன்றவில்லை என்றால் என்ன சொல்வது.

ஆக, நான் விருந்தாளியாக இருக்கக் கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் பழைய சுடிதாரில் போய் நின்றேன். முதல் நாள் காப்பி வந்தது, பலகாரத் தட்டு வந்தது. இரண்டாம் நாள் காப்பி மட்டும் வந்தது. மூன்றாம் நாள் கோகிலவாணி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். அடுத்த வாரம் குடோனிலிருந்து சென்னியப்பனின் குரல் வந்தது. "அம்மிணி! அந்த மோட்டார் சுச்சை சித்தெப் போட்டு உடு!" மேடம் போய் அம்மிணி ஆகிவிட்டேன். அன்று காப்பியும் வரவில்லை. பதவி உயர்வு கிடைத்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

அன்று நாலு இருபத்தைந்துக்குப் பள்ளி வேன் வந்தது. பூரணி உள்ளே வந்து புத்தகப் பையைத் தொப்பென்று போட்டாள், வாயைத் திறந்தாள். விஜயா டீச்சரின் மூக்குக்கண்ணாடியைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனது, ஹெட்மாஸ்டர் வாழைப்பழம் காட்டியது என்று ஒரே மூச்சில் கொட்டினாள். அதே நேரத்தில் சாருமதியும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். பூரணியின் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூட விழவில்லை. கோகிலவாணி குரங்குக் கதைக்குச் சிரித்துக்கொண்டே சாருமதியின் தலையைத் தடவி, "இல்ல சாமி" என்றாள்.

அரை மணி நேரம் கழித்துக் கேட்டேன். "பூரணி என்ன சொன்னா?"

குரங்கு, கண்ணாடி, வாழைப்பழம் எல்லாம் வந்தது.

"சாருமதி?"

கோகிலவாணி யோசித்தாள். முகம் வாடியது. "அவ ஒண்ணும் சொல்லலீங்களே."

"வந்துருச்சு!" என்று கத்திக்கொண்டு எழுந்தேன். மடியில் வைத்து உரித்துக்கொண்டிருந்த வெங்காயம் எல்லாம் தரையில் உருண்டது. அவள் கண்கலங்கி உட்கார்ந்திருக்கிறாள், நான் பரிசு விழுந்தவள்போலக் குதிக்கிறேன். பிறகு வெட்கமாக இருந்தது.

சென்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். அவருக்கு விளக்கினேன்.

"பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிப்பாங்களே, அதுமாதிரிதாங்க இது. ஒரு பேச்சு தொடங்கினதும் பெட்டியில இருக்கற ட்ரைவர் நிரல் காலி இடம் ஒண்ணு தேடும். இந்த இடம் காலின்னு பார்த்தாச்சு. துண்டு போடறதுக்குள்ள, ஒரு கண்ணிமைக்கிற நேரத்துல, ரெண்டாவது பேச்சு வந்துடுது. அதுக்கும் அதே இடம் காலியாத்தான் தெரியும். ரெண்டும் ஒரே சீட்டுல போய் உட்காரும். பின்னால வந்தது முன்னால வந்ததை அழிச்சுடும்."

"அப்ப, முந்திப் பேசறவளுக்குத்தான் நட்டமா?"

"ஆமாங்க. பேசி முடிக்கிறவரைக்கும் ஒரே இடம்ங்கறதால, அவ சொன்னதும் போச்சு, அதுக்கு இவங்க சொன்ன பதிலும் போச்சு."

"அப்படின்னா இவ மேல தப்பில்ல?"

"இல்லவே இல்லைங்க. தப்பு என் மேல" என்றேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த அந்தக் கை கண்ணிலேயே நின்றது. "ஒருத்தர் துண்டு போடறவரைக்கும் அடுத்தவரை உள்ள விடாம நிறுத்தி வைக்க ஒரு பூட்டு இருந்துச்சு. நிரல்லதான். பெட்டி மெதுவா இருக்கு, வேகமாக்குன்னு சொன்னாங்க. பூட்டை நான்தான் எடுத்தேன். லட்சத்துல ஒரு தடவைகூட ரெண்டு பேர் அவ்வளவு கிட்டத்துல பேச மாட்டாங்கன்னு கணக்குப் போட்டேன். எனக்குக் கைதட்டல்கூடக் கிடைச்சுது."

கோகிலவாணி என் பக்கம் திரும்பினாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"அப்ப நான் ஓரவஞ்சனை பண்ணலை" என்றாள். அவ்வளவுதான். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

நிரலைச் சரிசெய்ய நாலு வரி போதுமாக இருந்தது. இடத்தைப் பார்ப்பதையும் பிடிப்பதையும் நடுவே யாரும் நுழைய முடியாதபடி ஒரே செயலாக்கினேன். பூட்டைத் திரும்பப் போட்டேன், ஆனால் அந்தச் செயலுக்கு மட்டும், அதனால் பெட்டியும் மெதுவாகவில்லை. இந்தத் தடவை பச்சை விளக்கை நம்பவில்லை. சூலூரில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, முந்நூறு பேர் ஒரே நேரத்தில் சாம்பாரும் சம்பந்தியும் பேசுவதைப் பதிவு செய்து வந்து ஓட்டினேன். பழைய ட்ரைவர் முப்பது இடத்தில் சறுக்கியது. புதியது ஒன்றில்கூடச் சறுக்கவில்லை.

"சரி, போட்டுடலாம்" என்றார் ரகோத்தமன். "வெளியில சொல்லிக்க வேண்டாமே. வழக்கமான அப்டேட்னு போட்டுடலாம்."

"நாலாயிரத்து இருநூறு பேர் இந்தப் பெட்டியைப் போட்டிருக்காங்க சார். அதுல எத்தனை பேர் 'எனக்குத்தான் பாசமில்லை'ன்னு நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்களோ! எல்லாருக்கும் எழுதணும். தப்பு எங்களுதுன்னு எழுதணும். என் பேரையே போட்டுக்குங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். பிறகு கடிதத்தை எழுதச் சொன்னார். மனுஷனை நான் அதுவரை குறைவாகத்தான் எடை போட்டிருந்தேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. பெட்டியில் பேச்சு அழிந்தாலும் பேச்சு தொடங்கிய நேரங்கள் தனிப் பட்டியலில் இருக்கும். கோகிலவாணியின் பட்டியலைப் பார்த்தேன். நான் அங்கே போகத் தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் அறுபத்து நாலு பள்ளி நாட்கள். அவற்றில் அறுபத்தொரு நாள், நாலு இருபத்தைந்தை ஒட்டி, இரண்டு குரல்கள் கண்ணிமைக்கும் இடைவெளியில் மோதியிருந்தன. கல்யாணப் பந்தியிலேயே முப்பதுதான். இது தற்செயல் இல்லை. எழுநூறு தடவை முயன்று எங்களால் ஒருமுறைகூட வரவழைக்க முடியாத தவறை யாரோ தினமும் வரவழைத்துக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை மாலை, வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் சாருமதி பள்ளிக்குக் கொண்டுபோன சோற்றுப் போசியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீ எப்படிடா கண்டுபிடிச்ச?" என்றேன்.

அவள் பொய் சொல்லவில்லை. ஏமாற்றத் தெரியாத பெண். "பூரணி பையைப் போட்டவொடனே பேச ஆரம்பிப்பா. பை கீழ உழுகறப்பவே நான் ஆரம்பிச்சுட்டா அம்மாவுக்கு நிக்காது. அவ பேசுனதுக்கப்புறம் ஆரம்பிச்சா நின்னுக்கும். ரெண்டாம் வகுப்புலயே கண்டுபுடிச்சேன்."

எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒருத்தி இருந்தால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் அதைச் சொல்லும் நேரம் இல்லை அது.

"நிக்கக் கூடாதுன்னு நினைச்சு என்ன சாமி சொல்ற?"

போசியையே திருப்பித் திருப்பிக் கழுவினாள். "காச்சல் எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு. அம்மா என்னைய மடியிலயே வெச்சிருந்தாங்க. அப்பறந்தான் அவங்களுக்கு வந்துச்சு. பெரியத்தை சொன்னாங்க, புள்ளைகிட்ட இருந்து தாயிக்கு ஒட்டிக்கிச்சுன்னு. அம்மா இப்படி ஆனது என்னாலதான்."

"அதைத்தான் தினமும் சொல்றியா?"

"ம். சொல்லாம இருக்க முடியலீங்க. சொன்னா அம்மா தலையைத் தடவி 'இல்ல சாமி'ம்பாங்க. அப்பறம் மறந்துருவாங்க. ஞாபகம் இருந்தா என்னைய வெறுத்துருவாங்கல்ல."

குழந்தைக்கு மன்னிப்பு தினமும் கிடைத்துக்கொண்டிருந்தது, தினமும் அழிந்துகொண்டும் இருந்தது. அதனால் மறுநாள் மறுபடி வாங்க வேண்டியிருந்தது. அறுபத்தொரு முறை. அதற்கு முந்தைய மாதங்களின் கணக்கை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் தைரியம் வரவில்லை. எனக்குக் கைதட்டல் வாங்கித் தந்த வேகம் இந்தப் பெண்ணுக்குச் செய்த காரியம் இது.

"நாளைக்கு நான் பெட்டியைச் சரி பண்ணப் போறேன் சாருமதி. அதுக்கப்புறம் நீ எப்ப சொன்னாலும் நிக்கும். உங்கிட்டச் சொல்லாம பண்ணக் கூடாதுன்னுதான் வந்தேன். வேண்டாம்னா இன்னும் ரெண்டு நாள் தள்ளிப் போடுறேன். அதுக்கு மேல என்னால முடியாது. நீ பேசறது உங்கம்மாவுக்கு வேணும், அவங்க அதுக்காகத் தவிச்சுட்டு இருக்காங்க."

அவள் தண்ணீரைக் கொட்டினாள். போசியைக் கவிழ்த்து வைத்தாள். நான் எழுந்திருக்கப் போனேன்.

"போட்டுருங்க" என்றாள்.

வியாழன் மதியம் போட்டேன். பத்து நிமிட வேலை. நாலு இருபத்தைந்துக்கு வேன் வந்தது. சாருமதி இன்று வாயே திறக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். பூரணி பையைப் போட்டாள். பை கீழே விழும்போதே சாருமதி அம்மாவின் முந்தானையைப் பிடித்துவிட்டாள். பூரணி தன் பாட்டுக்குக் கூவிக்கொண்டிருந்தாள், இவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். கோகிலவாணி வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டி, "இல்ல சாமி" என்றாள்.

என் கையிலிருந்த கருவி இரண்டு பேச்சும் வேறு வேறு இடத்தில் எழுதப்பட்டதாகக் காட்டியது. வேலை வெற்றி. ஆனால் அரை மணி நேரம் கழித்தும் கோகிலவாணி அரிசியைக் களைந்துகொண்டே நடுநடுவே நிறுத்தி, சாருமதியைப் பார்ப்பாள், மறுபடி களைவாள். அந்த முகத்திலிருந்து என்னால் எதையும் படிக்க முடியவில்லை. ஒரு குழந்தையின் ஒரே ஆறுதலைப் பிடுங்கிவிட்டோமோ என்ற பயத்தோடு பஸ் ஏறினேன்.

புது ட்ரைவர் போட்டால் மறுநாள் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கே போய் நின்றேன். குடோனில் தறி இன்னும் ஓடத் தொடங்கவில்லை. சென்னியப்பன் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். உள்ளே கோகிலவாணி சாருமதிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டு, பின்னலை விடாமலே பேசினாள்.

"நேத்து நீ ஒண்ணு சொன்னியே சாமி."

சாருமதியின் தோள் விறைத்தது. "ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது. ராத்திரி பூராவும் இருந்துச்சு. பொரண்டு படுத்தாலும் இருந்துச்சு." ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு முடியைப் பிரித்தாள், பிறகு ரிப்பனை எடுத்தாள். "நீ சொன்னது தப்பு. காச்சல் உனக்கு மொதல்ல வரலை. எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு. மாரியம்மன் நோம்பிக்கு மாவெளக்கு எடுக்கோணும், சொன்னா எடுக்க உட மாட்டாங்கன்னு யாருகிட்டயும் சொல்லாம மாத்திரையைப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். ரெண்டு நாளா உடம்பு அனலாக் கொதிச்சுது. அதோடதான் உன்னையப் பக்கத்துல போட்டுத் தூங்குனேன். அப்பறந்தான் உனக்குச் சூடு அடிச்சுச்சு. என்கிட்ட இருந்து உனக்கு வந்துச்சுடா கண்ணு. உங்கப்பனுக்கே தெரியாது இது."

வாசலில் காற்றடிக்கும் சத்தம் நின்றுபோனது.

சாருமதி பாதிப் பின்னலோடு அப்படியே திரும்பினாள். "நெசமாவா?"

"காச்சல் தலைக்கு ஏறறதுக்கு முன்னாடி நடந்தது எதுவும் எனக்கு மறக்கலையே சாமி. எல்லாமே அப்படியே இருக்குது."

"அப்ப ஏன் இத்தனை நாளாச் சொல்லலை?"

"நீ சொன்னது நின்னாத்தான யோசிச்சுச் சொல்ல முடியும்? நேத்துத்தான நின்னுச்சு."

சாருமதி அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் கொண்டுவந்த கருவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. சென்னியப்பன் கையில் பம்ப்போடு உள்ளே வந்து நின்றார். வெளியே வேன் ஹாரன் அடித்தது. பூரணி எங்கிருந்தோ ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து, "வேன் வந்துருச்சு வேன் வந்துருச்சு" என்று கத்தினாள்.

கோகிலவாணி மீதிப் பின்னலை அவசரமாக முடித்து, பையை மாட்டிவிட்டாள். சாருமதி வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. ஆனாலும் ஏதோ பெரிய சிக்கலில் மாட்டியவள்போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, இனி சாயங்காலம் வந்து நான் என்ன சொல்றது? எனக்குச் சொல்ல ஒண்ணுமே இல்லியே."

"பள்ளிக்கொடத்துல என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்றாள் கோகிலவாணி. "குரங்கு கண்ணாடியைத் தூக்கிட்டுப் போனப்ப நீ எங்க இருந்த? அது இன்னும் எனக்குத் தெரியாது."